பிக்கப்பைத் தாழ்த்துமுன் அடியில் குனிந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ விடியப்புறம் போனால், அங்கே வெறுமையாக நிற்கும் ஒரு பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதே வாகனத்தில் வெங்காய மூட்டைகளை அடுக்கியதும் பின்பக்கம் அமர்ந்து வாகனம் மட்டமாகிவிடும். வெறுமையில் தெரிகிற அந்தத் தூக்கல், பாரத்துக்காகத் தயாரித்தவர்கள் ஒதுக்கி வைத்த இடம். பிக்கப்பைத் தாழ்த்தும்போது அந்த இடத்தில் ஒரு பகுதியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். எவ்வளவு இடம் இருக்கிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம், எடுத்தால் வேறு எவை இடம் மாறும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு ஸ்பனரைத் தொடுவது நல்லது.

ஏன் தாழ்த்துகிறார்கள்? பெரும்பாலான இளைஞர்களுக்கு அழகுதான் காரணம். அதில் ஒரு பிழையும் இல்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டட்சன், ரொயோட்டா போன்ற சிறிய யப்பானியப் பிக்கப்புகளைத் தரையோடு ஒட்டத் தாழ்த்தி ஓட்டும் பழக்கம் பரவியது. பிறகு தாய்லாந்திலும் டீசல் பிக்கப்புகளைத் தாழ்த்தி ஓட்டும் ஆர்வம் பெரிதாக வளர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்து ஆசைப்படும் தோற்றம் அந்த வழியாக வந்ததுதான்.

நடைமுறைக் காரணங்களும் இருக்கின்றன. பெட்டியின் தளம் இரண்டு அங்குலம் பதிந்தால் மூட்டை ஏற்றுகிறவரின் நாரிக்கு அது பெரிய உதவி. வயதான அம்மா அப்பா ஏறி இறங்கவும் சுகம். வளைவில் வாகனம் சாய்வதும் குறையும். திரும்பும்போது உள்பக்கச் சில்லுகளின் பாரத்தில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. வாகனத்தின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பங்கும் கூடும். ஈர்ப்பு மையம் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 5 சென்ரிமீற்றர் இறங்கினால் மாறும் பாரம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். ஆனால் உடலை 5 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் அவ்வளவு முழுதாக இறங்காது. சில்லும், இரு பக்கச் சில்லுகளையும் இணைக்கும் அக்சிலும் இருந்த உயரத்திலேயே இருக்கின்றன அல்லவா? ஆகவே பலன் உண்டு, அது மிதமான பலன்.

அடியில் என்ன இருக்கிறது

வாகனத்தின் உடலும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியும் ஒரு பக்கம், சில்லும் அக்சிலும் மறுபக்கம். இரண்டுக்கும் இடையில் நின்று பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷொக் அப்சோபர். பெரிய குழியில் விழும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசியாகத் தடுப்பது ஒரு தடித்த இறப்பர்க் கட்டை. பம்ப் ஸ்டொப் என்பார்கள். மிக மலிவான இந்தப் பாகத்தைத்தான் தாழ்த்தும் வேலையில் முதலில் பார்க்க வேண்டும். வாகனம் சமதரையில் வெறுமையாக நிற்கும்போது இந்த இறப்பருக்கும் அது போய் முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், சில்லு மேலே வர இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பின்பக்கம் வெறுமையில் மூன்றரை அங்குல இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். 50 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் ஸ்பிரிங் இரண்டு அங்குலம் அமர்கிறது. மிச்சம் ஒன்றரை அங்குலம். ஒழுங்கையின் குழிகளை அந்த ஒன்றரை அங்குலம்தான் விழுங்க வேண்டும். இதே வாகனத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தால், பத்தாவது மூட்டை ஏறுமுன்பே அக்சில் இறப்பரில் முட்டிவிடும். அதன் பிறகு ஸ்பிரிங் வேலை செய்யாது. குழியின் அடி நேராகச் சேஸியில் இறங்கும். தாழ்த்திய வாகனங்களில் சேஸி வெடிப்பதற்கும் ஷொக் கழன்று தொங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இறப்பரை அரைவாசியாக வெட்டினால் இடைவெளி கூடும் என்று சிலர் வெட்டிவிடுவார்கள். இடம் கூடுவது உண்மைதான். ஆனால் ஷொக் அதன் அடிவரை அமுங்கிப்போகும் இடமும் அங்கேயே இருக்கிறது. நீளம் குறைந்த ஷொக் போட்டால் ஒழிய, இறப்பரை வெட்டுவது ஷொக்கை உடைக்கிற வேலை.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி அமைந்தவை அல்ல. பிக்கப்புகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங்தான். நீண்ட உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கி, யூ போல்ட்டுகளால் அக்சிலோடு கட்டியிருப்பார்கள். முன்பக்கத்தில் வாகனத்தைப் பொறுத்து இரண்டு வகைகளைக் காணலாம். 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த ரொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிஷி எல் 200 போன்றவற்றில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதற்கு முந்திய, நான்கு சில்லுகளையும் இஞ்சின் சுழற்றும் ஃபோர் வீல் பிக்கப்புகள் பலவற்றில், அந்தக் கால எல் 200, நிசான், இசுசு உட்பட, முறுக்குக் கம்பி இருக்கும். டோர்ஷன் பார் என்று கராஜில் கேட்டால் காட்டுவார்கள். உங்களுடையது எந்த வகை என்று குனிந்து பாருங்கள். முன்சில்லைப் பிடித்திருக்கும் கையிலிருந்து பின்னோக்கி, சேஸியோடு ஒட்டினாற்போல நீளமான ஒரு கம்பி ஓடினால் அது முறுக்குக் கம்பி.

முறுக்குக் கம்பி யாழ்ப்பாணத்துக்குப் புதிது அல்ல. 1948இல் வந்த மொறிஸ் மைனரின் முன்பக்கத்தைத் தாங்கும் அமைப்பே, அதாவது சஸ்பென்ஷனே, இதுதான். யுத்த காலத்தில் உதிரிப்பாகமும் பெற்றோலும் இல்லாமல், மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட வைத்த மெக்கானிக்குகள் நம்மூரில் இருந்தார்கள். அவர்களிடம் தொழில் பழகியவர்கள் இப்போதும் கராஜ் நடத்துகிறார்கள். முறுக்குக் கம்பியைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வந்தால் காணொளி பார்ப்பதற்கு முன் அப்படி ஒருவரிடம் போய்க் கேளுங்கள். அவர்களின் கைக்கு அந்த வேலை தெரியும்.

பின்பக்கம்: ஒரே கட்டை உயர்த்தவும் செய்யும், தாழ்த்தவும் செய்யும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கடையில் புளொக் என்று விற்கும் உலோகக் கட்டையை லீஃப் ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவில் வைத்தால் வாகனம் தாழும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தாழலாம், உயரவும் கூடும். ஸ்பிரிங் அக்சிலுக்குக் கீழே கட்டப்பட்டிருந்தால், நடுவில் வைக்கும் கட்டை ஸ்பிரிங்கை இன்னும் கீழே தள்ளும். ஸ்பிரிங்கோடு சேஸியும் இறங்கும், வாகனம் தாழும். ஸ்பிரிங் அக்சிலுக்கு மேலே கட்டப்பட்டிருந்தால், அதே கட்டை ஸ்பிரிங்கை மேலே தூக்கி வாகனத்தை உயர்த்திவிடும். பின்சில்லுகளை மட்டும் இஞ்சின் சுழற்றும், உயரம் குறைந்த டூ வீல் பிக்கப்புகள் பலவற்றில் ஸ்பிரிங் கீழே இருக்கும். ஃபோர் வீல் பிக்கப்புகளில் பொதுவாக மேலே இருக்கும். காசு கொடுத்துக் கட்டை வாங்குமுன் ஒரு ரோர்ச் வெளிச்சத்தில் அடியில் பார்த்தால் போதும்.

ஸ்பிரிங் கீழே இருக்கும் வாகனம் என்றால் வேலை சுலபம். ஒரு அங்குலக் கட்டை ஒரு அங்குலம் தாழ்த்தும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது. கட்டை உருக்கிலோ அலுமினியத்திலோ செய்ததாக இருக்க வேண்டும். அதன் ஒரு முகத்தில் குமிழும் மறுமுகத்தில் குழியும் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டின் தலை அந்தக் குழியில் உட்கார்ந்து, அக்சில் முன்னும் பின்னும் நழுவாமல் பிடிப்பது அந்த அமைப்புத்தான். மரக்கட்டையை வைக்கவே கூடாது. இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. கட்டையோடு நீளமான புது யூ போல்ட்டுகளும் வாங்க வேண்டும். பழைய யூ போல்ட் ஒருமுறை இறுகி நீண்டது. யாழ்ப்பாணத்தின் உப்புக் காற்றில் அதன் புரியும் துருப்பிடித்திருக்கும். கரையோர ஊர்களில் மீன் ஏற்றி, ஐஸ் தண்ணீர் ஒழுகிய வாகனம் என்றால் சொல்லவே வேண்டாம், முனை முறிந்து கையோடு வந்துவிடும்.

ஸ்பிரிங் மேலே இருக்கும் வாகனத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. அக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுவரும் வழி ஒன்று உண்டு. அது ஒரேயடியாக ஐந்தாறு அங்குலம் தாழ்த்திவிடும். சேஸியில் அக்சில் முட்டாமல் இருக்கச் சில வாகனங்களில் சேஸியை வெட்டி வளைவு வைக்கவும் நேரும். வீட்டு வளவில் செய்யும் வேலை அல்ல அது. இரண்டாவது, ஷக்கிளை மாற்றுவது. ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸியோடு இணைக்கும் சிறு தொங்கலைத்தான் ஷக்கிள் என்கிறோம். ஸ்பிரிங்கின் முன்முனை அசையாமல் நிற்க, பின்முனை மட்டும் உயர்ந்து தாழ்வதால், ஷக்கிளில் இரண்டு அங்குலம் மாற்றினால் அக்சிலில் ஒரு அங்குல மாற்றம்தான் கிடைக்கும். சேஸியிலிருந்து கீழே தொங்கும் ஷக்கிள் என்றால் அதைக் குட்டையாக்கினால் வாகனம் தாழும். மேல்நோக்கி நிற்கும் ஷக்கிள் என்றால் நீளமாக்கினால் தாழும். இதிலும் உங்களுடையதை முதலில் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி, தகடுகளின் வளைவைக் குறைப்பது. ஸ்பிரிங் வேலை பழகிய பட்டறையில் தகடுகளைக் கழற்றிக் கொடுத்தால், குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி வளைவைக் குறைத்துத் தருவார்கள். தகட்டின் எண்ணிக்கை குறையாததால் பாரம் தாங்கும் பலம் பெரிதாக மாறாது. என் மனதுக்குப் பிடித்த வழி இதுதான். ஒரு தகட்டை எடுத்துவிடுவது இதைவிடச் சுலபம், செலவும் இல்லை. ஆனால் அதோடு ஸ்பிரிங்கின் பலமும் போய்விடும். வாகனம் தாழவும் செய்யும், தாழ்ந்த இடத்திலிருந்து இன்னும் எளிதாக அமரவும் செய்யும். இடம் குறைந்த நேரத்தில் பலத்தையும் குறைப்பது மிக மோசமான சேர்க்கை. பெட்டியில் பாரமே ஏற்றாத ஒருவர் வேண்டுமானால் யோசிக்கலாம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிற வாகனத்தில் தகட்டை எடுக்காதீர்கள்.

முன்பக்கம்

முறுக்குக் கம்பி உள்ள வாகனம் என்றால் புதுப் பாகம் எதுவும் வாங்காமலே தாழ்த்தலாம். ஈரத் துணியைப் பிழிய முறுக்கும்போது அது கையை எதிர்த்துத் திரும்பப் பார்க்குமே, அப்படி ஒரு நீண்ட உருக்குக் கம்பி முறுகி, திரும்ப முயன்றுகொண்டே வாகனத்தைத் தாங்குகிறது. கம்பியின் பின்முனையில் ஒரு சிறிய கையும், அந்தக் கையை முட்டி நிற்கும் ஒரு சரிப்படுத்தும் போல்ட்டும் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் வாகனம் தாழும், இறுக்கினால் உயரும். கம்பியின் பலம் இதனால் மாறுவதில்லை. அது தொடங்கும் இடம்தான் மாறுகிறது.

வேலையைத் தொடங்குமுன் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயரின் காற்று அளவும் கணக்கில் புகுந்து குழப்பும். போல்ட்டின் புரி எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையும் அளந்து, ஒரு பெயின்ற் அடையாளமும் போடுங்கள். திரும்ப வேண்டுமானால் பழைய இடம் தெரிய வேண்டும். கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்து, துருவைத் தளர்த்தும் எண்ணெய் தெளித்து ஒரு இரவு விட்டால் காலையில் வேலை லேசாகும். பிறகு முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி, சேஸியை ஸ்டாண்டில் இருத்தி, சில்லுகள் தொங்கும் நிலையில் போல்ட்டைத் திருப்புங்கள். பாரம் இருக்கும்போது திருப்பினால் புரி கிழியும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம். இரண்டு சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். வாகனத்தை இறக்கியதும் உடனே அளந்தால் பிழையான அளவு வரும். தூக்கி இறக்கிய சில்லுகள் உள்நோக்கி இழுபட்டு நிற்கும். நாலைந்து மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டி, முன்பக்கத்தை இரண்டு முறை அமத்தி விட்ட பிறகுதான் வாகனம் தன் உண்மையான உயரத்துக்கு வரும். அப்போது அளவுங்கள். அளவுக்கு மிஞ்சித் தளர்த்தினால், சில்லு தொங்கும்போது கம்பியில் முறுக்கே இல்லாமல் போய், கை தன் இடத்தில் ஆடத் தொடங்கும். போல்ட் கையில் எப்போதும் அழுந்தி நிற்க வேண்டும், அதற்கு மேல் தளர்த்தக்கூடாது.

சுருள் ஸ்பிரிங் உள்ள வாகனத்தில் கதை வேறு. இந்தப் பிக்கப்புகளில் சுருளும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்து, அழுத்திய நிலையில் இருக்கும். மேலே உள்ள நட்டைச் சும்மா கழற்றினால் அந்தச் சுருள் துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும். இதில் கையையும் முகத்தையும் இழந்தவர்கள் உலகில் குறைவில்லை. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுபோய், வாகனத்துக்கென்று செய்த குட்டைச் சுருளை மாற்றுவிப்பதுதான் என் ஆலோசனை.

சுருளை வெட்டுவது பற்றிக் கேட்பீர்கள். வெட்டினால் தாழும். கூடவே அது இறுகியும் விடும். சுருளின் சுற்றுகள் குறையக் குறைய அதன் விறைப்புக் கூடும். பத்துச் சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 11 சதவீதம் கூடும். அது தாங்கக்கூடியதுதான். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராமல், சில்லு தொங்கும்போது நழுவி விலகுவதுதான் பெரிய பிரச்சினை. காஸ் விளக்கால் சூடாக்கிச் சுருளை அமர வைப்பது இன்னும் கேடு. ஸ்பிரிங் உருக்குக்குப் பலம் வருவதே அளவறிந்து சூடாக்கி, அளவறிந்து குளிர்வித்ததால். கண்மதிப்பில் ஒரு இடத்தைச் சிவக்கச் சூடாக்கினால் அந்த இடம் மெதுமையாகி நாளடைவில் அமர்ந்துபோகும், அல்லது ஓரத்தில் விறைத்து முறியும். எப்போது முறியும் என்று சொல்ல யாராலும் முடியாது.

தாழ்த்தியதும் சேர்ந்து மாறுபவை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். உயரத்தைக் குறைக்கப் பலருக்குத் தெரியும், உயரத்தோடு சேர்ந்து மாறுபவற்றைச் சரிசெய்யச் சிலருக்குத்தான் தெரியும்.

முதலாவது பிறேக். பல பிக்கப்புகளில், ஹைலக்ஸ் உட்பட, பின் அக்சிலுக்குக் கிட்டச் சேஸியில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அக்சிலுக்குப் போகும். பாரம் ஏறிச் சேஸி அக்சிலை நெருங்கினால் கம்பி வால்வைத் திருப்பி, பின் பிறேக்குக்குக் கூடிய அழுத்தத்தை அனுப்பும். வெறுமையாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். பின்பக்கம் பாரம் இல்லாத நேரத்தில் பின்சில்லுகள் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது இந்த வால்வுதான். நீங்கள் வாகனத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தினால், பெட்டியில் பாரம் ஏறிவிட்டது என்று வால்வு எடுத்துக்கொள்ளும். வெறுமையான பிக்கப்பில், கார்த்திகை மாத மழையில், ஏ9 வீதியின் வழுவழுப்பில் பிறேக் பிடித்தால் பின்சில்லு பூட்டி வாகனம் பம்பரமாகச் சுற்றும். ஓட்டியவர் ரயரைத்தான் குறை சொல்லுவார், வால்வை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தாழ்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் பிடியையும் நகர்த்திப் பழைய கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க பிறேக் அழுத்தமானி வேண்டும், அது வைத்திருக்கும் கராஜிடம் காட்டுங்கள். உங்கள் வாகனத்தில் இந்த வால்வு இல்லாமல் அந்த வேலையை மின்னணுப் பிறேக் அமைப்பே பார்ப்பதாகவும் இருக்கலாம். எப்படியென்றாலும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

இரண்டாவது சில்லின் கோணங்கள். முன்சில்லைப் பிடித்திருக்கும் மேல் கையும் கீழ்க் கையும் ஒரே நீளம் அல்ல. ஆகவே வாகனம் தாழும்போது சில்லின் தலைப்பக்கம் பொதுவாக உள்நோக்கிச் சாயும். சில்லுகள் நேராகப் பார்க்கும் திசையும் மாறும். ரயர் உள்விளிம்பில் மட்டும் தேய்வதும், ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுப்பதும் இதனால் வருவது. இந்தக் கோணங்களைத் திருத்தும் அலைன்மென்ற் செய்யாமல் விட்டால் புது ரயர் ஒன்று சில ஆயிரம் கிலோமீற்றரில் கம்பி தெரியத் தேய்ந்துவிடும். ரயர் விற்கும் விலையில் அலைன்மென்ற் செலவு ஒன்றுமே இல்லை. வேலை முடிந்த அன்றோ மறுநாளோ செய்துவிடுங்கள்.

மூன்றாவது, இஞ்சினிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் தண்டு. அதன் இரு முனையிலும் உள்ள மூட்டுகள் ஏறக்குறைய சமமான கோணத்தில் இருக்கும்போதுதான் அது அதிர்வில்லாமல் சுழலும். பின்பக்கம் தாழ்ந்தால் கோணம் மாறும். ஒரு அங்குலத்துக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று அங்குலம் என்றால் வேகம் கூடும்போது இருக்கைக்கு அடியில் ஒரு உறுமல் தொடங்கலாம். ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்து அந்தக் கோணத்தைத் திருத்துவார்கள். உறுமலோடு ஓடினால் மூட்டும் நடுப் பெயாரிங்கும் போய்விடும்.

பிறகு விளக்கு. முன்னைவிடப் பின்பக்கத்தை அதிகம் தாழ்த்தினால் ஹெட்லைற் மேல்நோக்கும். எதிரே சைக்கிளில் வருகிற மனிதருக்கு எதுவும் தெரியாது. தாழ்த்துமுன் மாலையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளி விழும் கோட்டைச் சோக்கால் குறித்து வையுங்கள். பிறகு அதே இடத்தில் நிறுத்தி, தாழ்ந்த அளவையும் கணக்கில் எடுத்துத் திருத்துங்கள்.

ஜக்கும் கல்லும்

நம்மூர் வளவுகளில் கைக்கு எட்டிய தூரத்தில் எப்போதும் சீமெந்துக் கல் கிடக்கும். அதை ஒருபோதும் வாகனத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுச் சுவரில் பரவலான பாரத்தை அது தாங்கும். ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கிவிடும். ஜக்கும் தூக்குவதற்கு மட்டுந்தான், தாங்குவதற்கு அல்ல. பாரத்துக்கேற்ற இரும்பு ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம் வேண்டும். வாங்க வசதி இல்லாவிட்டால் கராஜில் கேட்டு வாங்கி வாருங்கள். கழற்றிய சில்லுகளையும் சேஸிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஸ்டாண்ட் சறுக்கினாலும் உடம்பு மாட்டாத அளவுக்கு இடம் மிஞ்சும்.

வலிகாமத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது கல்லுப்போல இருக்கும், ஒரு மழை பெய்தால் ஜக்கை விழுங்கும். கரையோர மணலும் அப்படித்தான். சீமெந்துத் தரை இல்லையென்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த, அகலமான பலகை போடுங்கள். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் கைப்பிறேக் உதவாது, அது பிடிப்பது பின்சில்லுகளைத்தான். தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் யாராவது கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

யூ போல்ட்டுகளை மூலைவிட்டமாக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்க வேண்டிய அளவு வாகனத்தின் திருத்தக் கையேட்டில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கும் இடம் அல்ல அது. ஷக்கிளிலும் கைகளிலும் புஷ் என்னும் இறப்பர் வளையம் உள்ள போல்ட்டுகளை, வாகனத்தின் பாரம் சில்லில் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், பாரம் இறங்கியதும் இறப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். உயரமும் பிழையாகத் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

எவ்வளவு போதும்

நம் வீதிகளை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிரதான வீதிகள் இப்போது காப்பெற் வீதிகள். பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ தாழ்ந்த வாகனத்துக்கு ஒரு குறையும் வராது. ஒழுங்கைக்குள் திரும்பினால்தான் சோதனை. மாரியில் தண்ணீர் நிற்கும் குழியின் ஆழம் தெரியாது. வளவு வாசலில் மதகு தூக்கலாக இருக்கும். புகையிரதக் கடவைகளும் மேடு. பிக்கப்பின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே சுமார் மூன்று மீற்றர் இருப்பதால், மேட்டில் முன்சில்லு ஏறி இறங்கியதும் வயிற்றுப் பகுதிதான் உரசும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பின் அக்சிலின் நடுவில் உள்ள உருண்டைப் பெட்டிக்கும் தரைக்கும் உள்ள தூரம் சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதால் மாறாது. அக்சில் சில்லோடு இருக்கிறது. அதன் உயரத்தை ரயர்தான் தீர்மானிக்கும். தாழ்வது சேஸியும் எரிபொருள் தாங்கியும் புகைக்குழாயும் முன் குறுக்குச் சட்டமும்தான். ஆகவே அளக்கும்போது அவற்றின் அடியை அளவுங்கள். சிறிய ரயர் போட்டுத் தாழ்த்தினால் எல்லாமே தாழும், வேகமானியும் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ரயர் தாங்கும் பாரமும் குறையலாம், பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

என் கணக்கு இது. சந்தைக்குப் பாரம் ஏற்றும் வாகனத்தின் பின்பக்கத்தைத் தொடாதீர்கள். அழகுக்காக என்றால் முன்பக்கத்தை அரை அங்குலம் சரிப்படுத்துவதோடு விட்டுவிடுங்கள். வீட்டுப் பாவனைக்கும் எப்போதாவது நாலைந்து மூட்டைக்கும் என்றால் முன்னும் பின்னும் ஒரு அங்குலம், கூடிப்போனால் ஒன்றரை. இந்த அளவில் பழைய ஷொக்கே பெரும்பாலும் சமாளிக்கும், தண்டும் அதிராது. இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் குட்டை ஷொக், ஆப்புத் தகடு, பிறேக் வால்வு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கி வாகனத்தை மட்டமாக்கும் ஆசை பலருக்கு உண்டு. வெறுமையில் அது அழகாகத்தான் இருக்கும். நாலு பேர் பெட்டியில் ஏறியதும் பின்பக்கம் குந்தி முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்.

வேலையைத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் இந்த மாற்றத்தைச் சொல்லி, அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர்கள் உங்களிடம் கேட்கும் நிலை வரக்கூடாது.

முதல் ஓட்டத்தை ஆள் நடமாட்டம் இல்லாத வீதியில் மெதுவாக வையுங்கள். ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ரயர் எங்காவது உரசுகிறதா, பிறேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் சில முறை பிறேக் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் முதலில் பூட்டினால் வால்வைத் திருத்தும்வரை ஓட்ட வேண்டாம். எல்லாம் சரி என்றால் நூறு கிலோமீற்றர் போல ஓடிய பிறகு யூ போல்ட்டுகளைத் திரும்பவும் டோர்க் ரெஞ்சால் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உயரத்தையும் திரும்ப அளந்து முதல் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கழற்றிய தகடு, ஷக்கிள், சுருள் எதையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றிக் கொட்டிலில் வையுங்கள். வாகனத்தை விற்கும்போதோ, பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போதோ, தோட்டம் பெருகிப் பாரம் ஏற்ற வேண்டி வரும்போதோ அவை தேவைப்படும்.